உங்கள் பெயரில் பேசும் சங்கம்

ஹூஸ்டனிலும் துல்சாவிலும் கால்கரியிலும் எரிவாயுக் குழாய் நிறுவனங்களில் வேலை பார்க்கும் தமிழ்ப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

இந்த மடலை உங்கள் நிறுவனத் தலைவர்களுக்கு எழுதியிருக்கலாம். அவர்களுக்குப் பதில் எழுதித் தர ஆள் இருக்கிறது. நன்றி சொல்லி, பாதுகாப்பே எங்கள் முதல் கடமை என்று முடித்து அனுப்பிவிடுவார்கள். உங்களுக்கு எழுதினால் நீங்கள் படிப்பீர்கள், கோபப்படுவீர்கள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து மேசைக்காரரிடம் என்னைத் திட்டுவீர்கள். எனக்கு அது போதும்.

நீங்கள் செய்கிற வேலை எனக்குத் தெரியும். அதே வேலையில்தான் நானும் தலை நரைத்தேன். ஸ்மார்ட் பிக் என்ற சோதனைக் கருவி குழாய்க்குள் ஓடிக் கொண்டுவந்த தரவைப் பிரித்து, எந்தப் பழுதைத் தோண்டிப் பார்ப்பது, எதை அடுத்த சுற்றுக்கு விடுவது என்று முடிவெடுக்கிறவர்கள் உங்களில் உண்டு. அழுத்தக் கணக்குப் போடுகிறவர்கள், கட்டுப்பாட்டு அறைக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள், குழாய் போகும் தடத்தின் வரைபடத்தைச் சரிபார்க்கிறவர்கள் உண்டு. பேர்லாண்ட் மீனாட்சி கோயில் வாசலில் பிரசாதத் தட்டோடு நின்றுகொண்டு, பழைய குழாய் எஃகில் அங்கங்கே இறுகிக் கெட்டித்துப்போன ஹார்ட் ஸ்பாட் பற்றிக் குரல் உயர்த்தி வாதாடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். வேலையை இவ்வளவு மனதில் போட்டுக்கொள்கிறவர்களிடம்தான் நான் கேட்க வந்ததைக் கேட்க முடியும்.

உங்கள் நிறுவனம் கிண்டர் மார்கனோ வில்லியம்ஸோ என்பிரிட்ஜோ டி.சி. எனர்ஜியோ, எதுவானாலும் வாஷிங்டனில் அதற்காகப் பேசுவது ஒரே சங்கம்தான். இண்டர்ஸ்டேட் நேச்சுரல் கேஸ் அசோசியேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற நீளமான பெயரை நாம் எல்லோரும் 'இங்கா' என்று சுருக்கிவிட்டோம். மாநில எல்லை தாண்டி ஓடும் பெரிய குழாய்களில் ஏறத்தாழ 2,00,000 மைல் அதன் உறுப்பினர்கள் கையில் இருக்கிறது. கிணறு தோண்டுகிறவர்களுக்கு வேறு சங்கம், வீட்டு அடுப்புக்கு வாயு விற்கிறவர்களுக்கு வேறு சங்கம். 1992இல் கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்காற்று ஆணையமான ஃபெர்க் பிறப்பித்த 636ஆம் ஆணைக்குப் பிறகு குழாய்க்காரர் வாயுவை வாங்கி விற்கும் வியாபாரி இல்லை. அவர் வண்டிக்காரர்; சரக்கு அடுத்தவருடையது, கூலி மட்டும் இவருடையது. அதனால் சங்கத்தின் கவலைகளும் குறுகலானவை, தெளிவானவை. குழாய் போட அனுமதி வேண்டும். கூலி கட்டுப்படியாக வேண்டும். பழைய குழாயைப் பராமரிக்கும் விதிகள் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். இந்த மூன்றுக்காகவும் அது ஃபெர்க் முன்பும், குழாய்ப் பாதுகாப்பைக் கவனிக்கும் பிம்சா முன்பும், காங்கிரஸ் குழுக்கள் முன்பும், நீதிமன்றத்திலும் வருஷம் முழுக்கப் பேசுகிறது.

நன்றாகவே பேசுகிறது. 2003 முதல் 2020 வரை அதற்குத் தலைமை வகித்த டான் சாண்டா, அதற்கு முன் ஃபெர்க்கிலேயே ஆணையராக இருந்தவர். கேள்வி கேட்கும் மேசையில் உட்கார்ந்து பழகியவர், பதில் சொல்லும் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். அப்படிப்பட்டவர் நடத்திய சங்கத்துக்கு என்ன சொன்னால் எடுபடும், என்ன சொன்னால் எடுபடாது என்று தெரியாமலா இருக்கும்?

பல விஷயங்களில் சங்கம் சொல்வது சரிதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏதோ பகை தீர்க்க வந்தவன் என்று நினைப்பீர்கள். குழாய் ஓரத்தில் புதிதாக வீடுகள் வந்துவிட்டால், நல்ல நிலையில் இருக்கும் குழாயையும் பிடுங்கிவிட்டுத் தடிமனான குழாயைப் போடு, இல்லாவிட்டால் அழுத்தத்தைக் குறை என்று பல இடங்களில் சொன்னது பழைய விதி. ஸ்மார்ட் பிக் பரவலாகாத காலத்து விதி அது. உள்ளே கருவியை ஓட்டி ஒவ்வொரு அங்குலத்தையும் அளக்க முடிகிற காலத்தில் அதை மாற்றலாம் என்று சங்கம் பல வருஷமாகக் கேட்டுவந்தது. கேட்டது நியாயம். அதேபோல், புதிய குழாய்களைத் தடுத்து நிறுத்தினால் வாயுவின் தேவை மறைந்துவிடாது என்றும் சொல்கிறது. 2018 ஜனவரிக் குளிரில் பாஸ்டன் பக்கத்து எவரெட் முனையத்தில் வந்து நின்ற கப்பலில் ரஷ்யாவின் யமால் வாயுவும் இருந்தது. பென்சில்வேனியாவின் மார்சலஸ் பாறையில் அவ்வளவு வாயு கிடக்க, பக்கத்து நியூ இங்கிலாந்துக்கு அது ஆர்க்டிக்கிலிருந்து வந்தது! அந்தக் கூத்தைச் சங்கம் சுட்டிக்காட்டும்போது எனக்கும் தலையாட்டத்தான் தோன்றுகிறது.

ஆனால் சங்கம் பேசுவதற்குச் சரக்கு எங்கிருந்து போகிறது என்று யோசித்துப் பார்த்தீர்களா? பிம்சா ஒரு புதிய விதியை முன்வைத்தால், உறுப்பினர் நிறுவனங்களுக்குக் கேள்வித்தாள் வரும். இத்தனை மைல் குழாய்க்கு இந்தச் சோதனை செய்தால் எவ்வளவு செலவு, எத்தனை இடத்தில் தோண்ட வேண்டும், எத்தனை நாள் வாயுவை நிறுத்த வேண்டும். அந்தக் கேள்வித்தாள் மேலாளர் வழியாக இறங்கி உங்கள் மேசைக்கு வருகிறது. நீங்கள் நிரப்புகிறீர்கள். நிரப்பும்போது மூன்றாவது கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதுகிறீர்கள்: 'இந்தப் பகுதியில் இதை விதி வந்தாலும் வராவிட்டாலும் செய்வதுதான் நல்லது.' மேலே போகும் வழியில் எண் பிழைக்கிறது, குறிப்பு விழுந்துவிடுகிறது. எல்லா நிறுவனங்களின் எண்களையும் கூட்டி 'தொழில்துறைக்கு ஆகும் செலவு' என்று ஒரு வரி பிறக்கிறது. எல்லோரும் ஒப்புக்கொண்டதைத்தான் சங்கம் சொல்ல முடியும் என்பதால், மிகவும் தயங்குகிற உறுப்பினர் எவரோ அவருடைய தயக்கமே கடைசியில் எல்லோருடைய நிலைப்பாடும் ஆகிவிடுகிறது. உங்களுடையதும்தான். சங்கங்கள் எங்கும் இப்படித்தான் நடக்கும், யாரும் சதி செய்ய வேண்டியதில்லை.

2024 ஆகஸ்டில் வந்த தீர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல் பிம்சா கொண்டுவந்த குழாய்ப் பராமரிப்பு விதிகளில் ஐந்தை எதிர்த்து இங்கா வழக்குப் போட்டது. வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் நான்கை ரத்து செய்தது. ரத்தானவற்றில் குழாயில் விழும் ஒடுக்குகளைப் பற்றியதும் விரிசல்களைப் பற்றியதும் உண்டு. தீர்ப்பின் காரணத்தைக் கவனித்தீர்களா? ஒடுக்கும் விரிசலும் ஆபத்தில்லை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. செலவைவிடப் பலன் பெரிது என்று சட்டப்படி காட்ட வேண்டிய கணக்கைப் பிம்சா சரியாகக் காட்டவில்லை என்றது. வக்கீலுக்கு அது முழு வெற்றி. உங்களுக்கு? ஒடுக்கு விழுந்த குழாயின் மேல் கை வைத்துப் பார்த்தவர்கள் நீங்கள். மண்ணைத் தோண்டி, பூச்சைச் சுரண்டி, மணல் வீசிச் சுத்தம் செய்து, ஆழம் அளக்கும் கருவியை வைத்துக் குனிந்து பார்த்திருக்கிறீர்கள். அந்த ஒடுக்கின் விளிம்பில் முடி மாதிரி ஒரு கோடு தெரிந்தால் வயிற்றில் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். விதி ரத்தான மறுநாள் அந்தக் கோடு சின்னதாகிவிட்டதா? பிம்சாவின் எண் தப்பு என்றால் சரியான எண் எது என்று சொல்லும் தகுதி நாட்டிலேயே உங்களுக்குத்தான் அதிகம். வழக்கு ஜெயித்த அன்றே அந்த வேலை உங்கள் தலையில் விழுந்துவிட்டது என்பேன்.

இப்போது வால்வுக்கு வருகிறேன். இந்த மடலின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

2010 செப்டம்பர் 9 மாலை 6.11க்கு கலிபோர்னியாவில் சான் புருனோ என்ற ஊரில் ஒரு 30 அங்குலக் குழாய் வெடித்தது. 1956இல் புதைத்த குழாய். நிறுவனத்தின் ஏட்டில் அது தையலே இல்லாத குழாய் என்று இருந்தது. தோண்டி எடுத்துப் பார்த்தால், நீளவாக்கில் பற்றவைத்த குட்டைக் குட்டைத் துண்டுகள். சான் பிரான்சிஸ்கோ விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால், விமானம் விழுந்துவிட்டது என்றுதான் முதலில் பலரும் நினைத்தார்கள். வால்வை மூடப் போனது யார் தெரியுமா? வேலை முடித்துப் போயிருந்த மெக்கானிக்குகள். தீயின் செய்தி காதில் விழுந்ததும், இது நம் குழாயாகத்தான் இருக்கும் என்று தாமாக ஊகித்து, யார்டுக்குப் போய் சாவியும் கருவியும் எடுத்துக்கொண்டு, வால்வு இருக்கும் இடத்துக்கு வண்டியை விட்டார்கள். வாயு நின்றபோது மணி 7.46. மொத்தம் 95 நிமிடம். எட்டு பேர் இறந்தார்கள், 38 வீடுகள் சாம்பலாயின.

'அது நம் சங்கத்துக் குழாய் இல்லையே, மாநிலத்துக்குள் ஓடுகிற குழாய்' என்பீர்கள். சரி. 1994 மார்ச்சில் நியூ ஜெர்சியின் எடிசனில் அடுக்குமாடிக் குடியிருப்புப் பக்கத்தில் வெடித்த 36 அங்குலக் குழாய் மாநிலம் தாண்டும் குழாய்தான். அதை மூட இரண்டரை மணி நேரம் ஆனது. 2012 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவின் சிசன்வில்லில் வெடித்ததும் அப்படிப்பட்ட குழாய்தான். அங்கே கட்டுப்பாட்டு அறைத் திரையில் எச்சரிக்கை மேல் எச்சரிக்கை வந்தும் குழாய் உடைந்தது அங்கிருந்தவருக்குப் பிடிபடவில்லை. வேறொரு நிறுவனத்திலிருந்து வந்த போனில்தான் தெரிந்தது. மூடி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல். மூன்று வீடுகள் போயின, 77ஆம் எண் நெடுஞ்சாலையின் தார் உருகியது. நண்பகல் நேரத்தில் அந்தச் சாலையில் ஒரு பள்ளிப் பேருந்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அந்தத் துண்டுக் குழாய் கடுமையான பரிசோதனை வட்டத்துக்குள் வரவே இல்லை. காரணம் எளிது: பெரிய நெடுஞ்சாலை அருகில் இருப்பதை விதி ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. நெடுஞ்சாலைகளைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் விதி 2019இல்தான் வந்தது.

2011இல் சங்கம் தானாகவே முன்வந்து, விபத்துகளின் எண்ணிக்கை பூஜ்யமாக வேண்டும் என்பதே எங்கள் இலக்கு என்று அறிவித்தது. பரிசோதனை வட்டத்தைப் படிப்படியாக விரித்து, 2030க்குள் குழாய் ஓரம் வாழும் எல்லோரையும் அதற்குள் கொண்டுவருவோம் என்றும் சொன்னது. நல்ல வாக்கு. நான் அன்று சந்தோஷப்பட்டேன். 2019 ஆகஸ்ட் 1ஆம் தேதி பின்னிரவில் கென்டக்கியின் டான்வில் அருகே ஒரு 30 அங்குலக் குழாய் வெடித்தது. குழாய் தயாரிக்கும்போதே எஃகில் விழுந்த ஹார்ட் ஸ்பாட், அதன் மேல் கெட்டுப்போன பூச்சு, அதற்கு மேல் சரியாக வேலை செய்யாத மின்வழி அரிப்புத் தடுப்பு. 30 அடிக்கு மேல் நீளமுள்ள குழாய்த் துண்டு பிய்ந்து பல நூறு அடி தள்ளிப்போய் விழுந்தது. ஒரு பெண் இறந்தார். அந்த நிறுவனம் சங்கத்தின் உறுப்பினர். வாக்குக் கொடுத்தவர்களில் ஒருவர்.

எடிசனுக்குப் பிறகும் சான் புருனோவுக்குப் பிறகும், தானாக மூடும் வால்வு அல்லது தொலைவிலிருந்து மூடும் வால்வு வேண்டும் என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சொல்லிக்கொண்டே இருந்தது. 2022 ஏப்ரலில் பிம்சா ஒரு வழியாக விதி போட்டது: 6 அங்குலமும் அதற்கு மேலும் விட்டமுள்ள குழாய்களில், உடைந்தது தெரிந்த 30 நிமிடத்துக்குள் மூட வேண்டும். ஆனால் அது புதிதாகப் போடும் குழாய்களுக்கும் முழுக்க மாற்றிப் போடும் குழாய்களுக்கும்தான். உங்கள் கண்காணிப்பில் இருக்கும் குழாய்களில் கணிசமான பங்கு எப்போது புதைத்தவை? ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும். அவற்றின் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு இந்த 30 நிமிடம் கிடையாது.

தொழில்துறையின் வாதம் எனக்கு மனப்பாடம். குழாய் வெடித்தால் உயிர் போவது முதல் சில நிமிடங்களில்தான். வால்வை எவ்வளவு வேகமாக மூடினாலும் அந்த உயிர்களைக் காப்பாற்ற முடியாது. ஆகவே போட்ட பணத்துக்குப் பலன் குறைவு. இதில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதியைத் தீயணைப்பு வீரரிடம் கேளுங்கள். வாயு எரிந்துகொண்டிருக்கும்வரை அவரால் கிட்டேயே போக முடியாது. அடுத்த தெரு பற்றிக்கொள்வதைத் தள்ளி நின்று பார்க்க வேண்டியதுதான். சில நிமிடங்களுக்குள் மூடினால் வீடுகள் தப்பும் என்று 2012இல் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறது. படுக்கையில் கிடக்கும் முதியவர் மூன்றாவது வீட்டில் இருக்கிறார் என்றால், அந்த முப்பதோ அறுபதோ நிமிடம் அவருக்கு எல்லாமே. செலவுக் கணக்கில் அவர் எந்தப் பத்தியில் வருகிறார்?

2024இல் தேசிய அகாதெமிகளின் நிபுணர் குழு இதையே ஆராய்ந்து அறிக்கை தந்தது. பழைய குழாய் எல்லாவற்றுக்கும் ஒரே ஆணை போடு என்று அது சொல்லவில்லை. இடத்துக்கு இடம் நிலைமை வேறு, ஒவ்வொரு இடத்துக்கும் நிறுவனம் அபாயக் கணக்கை ஒழுங்காகப் போட வேண்டும் என்பதே அதன் போக்கு. சங்கத்துக்கு இது நிம்மதி தந்திருக்கும். எனக்கும் தந்தது, ஆனால் வேறு காரணத்துக்காக. கணக்குப் போட வேண்டும் என்றால், போடப்போவது நீங்கள்தானே!

நிலத்துக்காரர்கள் பற்றியும் கொஞ்சம் சொல்லாமல் விட முடியவில்லை. ஃபெர்க் ஒரு குழாய்க்குச் சான்று கொடுத்த கணத்தில், 1947 திருத்தச் சட்டத்தின்படி தனியார் நிறுவனத்துக்கு அடுத்தவர் நிலத்தை எடுக்கும் அதிகாரம் வந்துவிடுகிறது. நிலத்துக்காரர் ஆட்சேபித்து மறுபரிசீலனை கேட்கலாம். முன்பெல்லாம் ஃபெர்க் அந்த மனுவுக்கு ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் மாதக்கணக்கில் இழுக்கும். பதில் வராமல் அவர் நீதிமன்றத்துக்கும் போக முடியாது. அதற்குள் குழாய் அவர் தோட்டத்தில் புதைந்தே போயிருக்கும். 2020இல் நீதிமன்றம் இந்த இழுத்தடிப்பு செல்லாது என்றது. அதே வருஷம், மறுபரிசீலனை முடியும்வரை கட்டுமான வேலையைத் தொடங்கக்கூடாது என்று 871ஆம் ஆணையை ஃபெர்க் பிறப்பித்தது. 2025இல் அந்த ஆணையை எடுத்துவிடுங்கள் என்று மனுக் கொடுத்தது யார்? நம் இங்காதான். அதே வருஷம் ஃபெர்க்கும் இணங்கிவிட்டது. நிலத்துக்காரர்களை மரியாதையோடு நடத்துவோம், நேர்மையாகப் பேரம் பேசுவோம் என்று இதே சங்கம் எழுதி வெளியிட்ட உறுதிமொழி ஒன்றும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

உங்களில் சிலர் கொங்குப் பக்கத்துப் பிள்ளைகள். கொச்சியிலிருந்து பெங்களூருக்குப் போகும் கெயில் குழாய் கோவையில் தொடங்கி கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டங்களில் வயலுக்கு நடுவே வந்தபோது, அப்பாவோ சித்தப்பாவோ கலெக்டர் அலுவலக வாசலில் உட்கார்ந்ததைப் பார்த்தவர்கள் நீங்கள். நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்று 2013இல் தமிழக அரசே சொன்னது. 2016இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அப்போது உங்கள் மனது யார் பக்கம் இருந்தது என்று நான் கேட்க வேண்டியதில்லை. பென்சில்வேனியாவிலும் வர்ஜீனியாவிலும் சோளக்கொல்லைக்காரருக்கும் அதே வயிற்றெரிச்சல்தான். அவருடைய பெயர் உங்கள் வரைபடத்தில் ஒரு நிலத்துண்டு எண்ணாக இருக்கிறது.

நான் சொல்வது வேலைக்கு உலை வைக்கும் யோசனை என்று சிலர் நினைக்கலாம். கிரீன் கார்டு வரிசையில் வருஷக்கணக்காக நிற்பவருக்கு வேலை போனால் அறுபது நாளில் நாடு போய்விடும். அவரிடம் நான் எதையும் கேட்கவில்லை, அவர் வாயை மூடிக்கொண்டு தன் கணக்கை மட்டும் நேர்மையாகப் போட்டால் போதும். நான் கேட்பது வரிசையைத் தாண்டி வந்துவிட்டவர்களிடம். குடியுரிமை வாங்கி, சுகர் லேண்டில் வீடு வாங்கி, பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்ட மூத்தவர்கள் இருக்கிறீர்களே, உங்களிடம். பி.இ. என்ற 'புரொஃபஷனல் எஞ்சினியர்' உரிமம் வைத்திருப்பவர்கள் பலர் உங்களில் உண்டு. பொதுமக்களின் பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் மேல் என்பது அந்தத் தொழிலின் முதல் நெறி. சங்கத்தின் தொழில்நுட்பக் குழுக்களிலும், ஒப்பந்தக்காரர்களும் ஆலோசனை நிறுவனங்களும் சேர்ந்திருக்கும் இங்கா அறக்கட்டளையின் கூட்டங்களிலும் நிறுவனத்தின் சார்பில் போய் உட்காருகிறவர்கள் நீங்கள்தான். பிம்சாவின் ஆலோசனைக் குழுவில் பதினைந்து இடம். ஐந்து அரசுக்கு, ஐந்து பொதுமக்களுக்கு, ஐந்து தொழில்துறைக்கு. அந்த ஐவர் கையில் இருக்கும் காகிதம் எங்கிருந்து வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

நிறுவனத்தை விட்டு வெளியே வந்து பத்திரிகைக்குப் பேட்டி கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. தெருவில் இறங்கச் சொல்லவில்லை. சங்கத்தைக் கலைக்கச் சொல்லவும் இல்லை. இத்தனை நிறுவனங்களை ஒரே மேசையில் உட்கார வைக்க முடிகிற இடம் அது ஒன்றுதான், அதனால்தான் அதன் வழியாகவே இது நடக்க வேண்டும் என்கிறேன். தனியாக ஒரு நிறுவனம் பழைய குழாயில் புது வால்வு போட்டால், அந்தச் செலவைக் கூலி வீதத்தில் சேர்க்க ஃபெர்க்கிடம் தனியாக மல்லுக்கட்ட வேண்டும். போட்டிக்காரர் சும்மா இருப்பார். எல்லோரும் சேர்ந்து போனால் பேச்சே வேறு. சங்கம் என்று ஒன்று இருப்பதன் பலன் இதற்காவது பயன்படட்டும்.

அடுத்த குழுக் கூட்டத்தின் நிரலில் சேர்க்கச் சொல்லி நீங்கள் எழுத வேண்டியது இதுதான். வீடுகளும் பள்ளிகளும் நெடுஞ்சாலைகளும் பக்கத்தில் உள்ள பழைய குழாய்ப் பகுதி ஒவ்வொன்றுக்கும், இன்று நள்ளிரவில் உடைந்தால் வாயு நிற்க உண்மையில் எத்தனை நிமிடம் ஆகும் என்று உறுப்பினர் நிறுவனங்கள் கணக்கெடுக்க வேண்டும். சாவி எந்த யார்டில் இருக்கிறது, அங்கிருந்து வால்வுக்கு எத்தனை மைல், திரையைப் பார்ப்பவருக்கு உடைப்பு பிடிபட எவ்வளவு நேரம் ஆகும், எல்லாம் சேர்த்து. 30 நிமிடத்துக்கு மேல் ஆகும் இடங்களில் என்ன செய்யப்போகிறோம், செய்யாவிட்டால் ஏன் செய்யவில்லை என்று காரணம் எழுதி வைக்க வேண்டும். அந்தக் கணக்கை உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்திடம் கொடுக்க வேண்டும், கேட்கும் குடியிருப்பாளருக்கும் காட்ட வேண்டும். மொத்தம் எத்தனை மைல், அதில் எவ்வளவு சரிசெய்தாயிற்று என்று சங்கம் ஆண்டுதோறும் தன் பெயரில் வெளியிட வேண்டும். பூஜ்யம் என்று இலக்கு வைத்தவர்களுக்கு இது பெரிய சுமையா?

இதோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சங்கம் அரசுக்குக் கொடுக்கும் கருத்துரையில் பொறியாளர்களுக்கு மாற்றுக் கருத்து இருந்தால், அது பின்னிணைப்பாகவாவது சேர வேண்டும். மூன்றாவது கட்டத்துக் குறிப்பு வழியில் விழக்கூடாது. 871ஆம் ஆணை போனாலும், நிலத்துக்காரரின் மறுபரிசீலனை முடியும்வரை அவர் மண்ணில் மண்வெட்டி வைக்க மாட்டோம் என்று உறுப்பினர்கள் தாமாகவே ஒப்புக்கொள்ள வேண்டும். எழுதி வைத்திருக்கும் உறுதிமொழியில் ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தால் முடிந்தது.

முதல் கடிதம் எழுதப் பெரிதாக யோசிக்க வேண்டாம். உங்கள் பொறுப்பில் இருக்கும் குழாயில் ஒரே ஒரு பகுதியை எடுங்கள், வீடுகள் நெருக்கமாக உள்ள பகுதி. நிமிடக் கணக்கைப் போடுங்கள். வந்த எண்ணை மேலாளருக்கு அனுப்பி, சங்கத்தின் குழுவில் இதை எப்போது வைக்கலாம் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த வாரம் மறுபடி கேளுங்கள். இரண்டாவது கடிதத்தில் உங்களோடு இன்னொருவர் பெயரும் இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் துறையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவன்
ஹூஸ்டன்